ஐந்து ஏக்கருக்கு ஒரே மண் அறிக்கை: முந்திரித் தோப்பின் ஒரு பக்கம் மட்டும் ஏன் காய்ப்பதில்லை?

கேள்வி: எனது 5 ஏக்கர் முந்திரித் தோப்பில் 7 மீட்டர் இடைவெளியில் நட்ட சுமார் 400 ஒட்டு மரங்கள் உள்ளன, வயது 11. பள்ளத்துப் பக்க மரங்களில் 8 கிலோ வரை கொட்டை கிடைக்கிறது. மேட்டுப் பக்கம் உள்ள 2 ஏக்கரில் மரத்துக்கு 3 கிலோ கூடத் தேறுவதில்லை. எல்லா மரங்களுக்கும் ஒரே அளவு உரம்தான் இடுகிறேன். மண் பரிசோதனையில் கார அமில நிலை 5.6, தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவு, மணிச்சத்து (பாஸ்பரஸ்) நடுத்தரம், சாம்பல்சத்து (பொட்டாசியம்) ஹெக்டேருக்கு 210 கிலோ, அதாவது நடுத்தரம், துத்தநாகம் குறைவு என்று வந்துள்ளது. அறிக்கையைப் பார்த்த உரக்கடைக்காரர் துத்தநாகம், இரும்பு, மாங்கனீசு, போரான் சேர்ந்த நுண்ணூட்டக் கலவையைத் தோப்பு முழுவதும் ஏக்கருக்கு 10 கிலோ வீதம் போடச் சொல்கிறார். எப்போது, எப்படிப் போடுவது? இந்தப் பருவமும் பொய்த்தால் மேட்டுப் பக்க மரங்களை வெட்டிவிடலாம் என்று நினைக்கிறேன்.

பதில்: கலவையைப் போட வேண்டாம்; மரங்களை இப்போது வெட்டவும் வேண்டாம். அறிக்கை ஒன்றுதான் வந்திருக்கிறது என்பதால், தோப்பின் பல இடங்களில் எடுத்த மண்ணை ஒன்றாகக் கலந்து அனுப்பியிருக்கிறீர்கள் என்று கொள்கிறேன். பள்ளத்தில் 300 கிலோவும் மேட்டில் 120 கிலோவும் சாம்பல்சத்து இருந்து, இரண்டு மண்ணையும் சரிபாதியாகக் கலந்தால் 210 என்றுதான் வரும். அந்த 210 கிலோ அளவு சாம்பல்சத்து உள்ள மண் உங்கள் தோப்பில் ஓரிடத்திலும் இல்லாமலிருக்கலாம். இரண்டு பக்கமும் ஏன் வேறுபடுகின்றன என்பது உங்கள் கவலை. அந்த வேறுபாட்டையே அழித்துவிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்கிறீர்கள்.

மண்ணுக்கு முன்பாக மரத்தை அளக்க வேண்டும் என்பது என் நெடுநாள் பிடிவாதம். மரங்களுக்கு எண் எழுதி, மரவாரியாகக் கொட்டையை நிறுத்து, ஒரு நோட்டில் குறித்து வைக்காத தோப்பில் மண் பரிசோதனை செய்வது பாதி வீண் என்றே சொல்வேன். 7 மீட்டர் இடைவெளியில் 11 வயது மரங்களின் கிளைகள் பின்னிக்கொண்டிருக்கும் என்பதால் உதிர்ந்த கொட்டை எந்த மரத்தினது என்று சொல்வது கடினம். அப்படிப்பட்ட இடங்களில் நான்கு மரங்களை ஒரு தொகுதியாக வைத்து நிறுத்தால் போதும். பருவம் முடிந்ததும் கட்டம் போட்ட தாளில் தோப்பை வரைந்து, நல்ல காய்ப்பு, நடுத்தரம், மோசம் என்று மூன்று வண்ணம் தீட்டுங்கள். மோசமான மரங்கள் ஒரே இடத்தில் கூட்டமாக இருந்தால் மண்ணையோ நீரையோ சந்தேகிக்கலாம். நல்ல மரங்களுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறியிருந்தால் குற்றம் மண்ணில் இல்லை: ஒட்டு பட்டுப்போய் அடிக்கன்று தழைத்து மரமாகியிருக்கலாம், அல்லது தண்டு துளைப்பான் வேரடியில் குடியிருக்கலாம். ஓரத்து வரிசைகள் மட்டும் மெலிந்திருந்தால் காற்றும் அடுத்த நிலத்து மரங்களின் வேர்களும் காரணமாக இருக்கக்கூடும். ஓராண்டுக் கணக்கு போதாது. பூக்கும்போது பெய்யும் மழையும், துளிரிலும் பூவிலும் சாறு உறிஞ்சும் தேயிலைக் கொசு என்ற பூச்சியின் தாக்குதலும் ஆண்டுக்கு ஆண்டு மாறுபவை. எனவே மூன்று பருவம் எடைபோட்ட பிறகுதான் படத்தை நம்பலாம். உங்கள் 3 கிலோ, 8 கிலோ என்ற எண்கள் தராசில் வந்தவையா, கண்மதிப்பா என்பதையும் எழுதியிருக்கலாம்.

அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நல்ல மரங்கள் ஆறு, மோசமான மரங்கள் ஆறு தேர்ந்தெடுத்து, இரு கூட்டத்துக்கும் தனித்தனியாக மாதிரி எடுங்கள். முந்திரியின் உறிஞ்சு வேர்களில் பெரும்பகுதி தூரிலிருந்து 2 மீட்டர் வட்டத்துக்குள், மேல்மண்ணில்தான் வேலை செய்கிறது. ஆகவே இரண்டு வரிசைக்கு நடுவில் இருக்கும் வெற்றிடத்து மண் உங்களுக்கு எதையும் சொல்லாது. மேல் 30 சென்டிமீட்டர் மண்ணையும் அதற்கடுத்த 30 சென்டிமீட்டர் மண்ணையும் கலக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

முடிவு வந்ததும் ஒன்று உங்களைக் குழப்பக்கூடும். காய்க்காத பக்கத்து மண்ணில் மணிச்சத்தோ சாம்பல்சத்தோ அதிகமாக இருக்கலாம். இரு பக்கமும் ஆண்டுதோறும் ஒரே அளவு உரம் இடுகிறீர்கள். 8 கிலோ கொட்டையும் அதோடு பழமும் தரும் மரம் மண்ணிலிருந்து எடுத்துச் செல்வதை 3 கிலோ மரம் எடுத்துச் செல்வதில்லை, மிச்சம் மண்ணிலேயே தங்கிவிடுகிறது. அதைப் பார்த்துவிட்டு, சத்து மிகுந்ததால் காய்ப்பு குறைந்தது என்று தலைகீழாக முடிவு கட்டியவர்களை நான் கண்டிருக்கிறேன். ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் ஒருவருக்கு உரத்தைக் குறைக்கச் சொன்னேன்.

அவருடைய தோப்பில்தான் குழி வெட்டிப் பார்க்கும் பழக்கம் எனக்கு வந்தது. நல்ல பக்கத்தில் ஒரு மீட்டர் ஆழத்திலும் விரல் பருமன் வேர்கள் தென்பட்டன. மோசமான பக்கத்தில் இரண்டடி போவதற்குள் கடப்பாரை டங்கென்று சரளையில் மோதியது. அதற்கு மேலே வேர்கள் சட்டென்று மடங்கி, பாய் விரித்தாற்போல் கிடைமட்டமாக ஓடின. மேட்டு நிலத்தில் மேல்மண் மழையில் அரித்துப் போய்விட்டால் சத்து மட்டுமா போகிறது, ஈரத்தைப் பிடித்து வைக்கும் மண்ணே போய்விடுகிறது. பூவும் பிஞ்சுமாக இருக்கும் வறண்ட மாதங்களில் அந்த மரம் பிஞ்சை உதிர்க்காமல் என்ன செய்யும்? இப்படிப்பட்ட வேறுபாட்டை எந்த உர மூட்டையும் நிரப்பாது. உங்கள் மேட்டிலும் பள்ளத்திலும் ஒவ்வொரு குழி வெட்டிப் பாருங்கள். செலவு அரை நாள் கூலிதான்.

இனி அந்தக் கலவை. கார அமில நிலை 5.6 உள்ள அமில மண்ணில் இரும்பும் மாங்கனீசும் பொதுவாகத் தேவைக்குக் குறைவதில்லை. கலவையில் அவற்றுக்கும் சேர்த்துத்தான் பணம் கொடுக்கிறீர்கள். போரானில் குறைவுக்கும் நஞ்சுக்கும் இடைவெளி மிகச் சிறியது. குறைபாடு தெரியாமல் அதை ஏக்கர் கணக்கில் வீசச் சொல்பவர், தன் சரக்கைத் தள்ளுகிறாரே தவிர உங்கள் தோப்பைப் பார்க்கவில்லை. துத்தநாகம் மட்டும்தான் குறைவு என்றால் துத்தநாகத்தை மட்டும் கொடுங்கள்: 10 லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் துத்தநாக சல்பேட்டும் அதன் அமிலத்தன்மை இலையைக் கருக்காதிருக்க 25 கிராம் நீற்றிய சுண்ணாம்பின் தெளிநீரும் கலந்து, புதுத் துளிர் விரியும்போது தெளிக்கலாம். அதையும் மேட்டுப் பக்கத்தில் எட்டு மரங்களுக்கு மட்டும் தெளித்து, பக்கத்து எட்டு மரங்களை அப்படியே விட்டு, இரண்டையும் தனித்தனியாக நிறுத்துப் பாருங்கள்.

இந்தப் பருவத்துக்கு மேட்டுப் பக்கம் செய்யக்கூடியது வேறு. சரிவின் குறுக்கே, ஒவ்வொரு மரத்துக்கும் கீழ்ப்புறம் மண் அணைத்துப் பிறை வடிவில் பாத்தி கட்டுங்கள். தழைச்சத்தை ஒரே தடவையில் கொட்டாமல், மழைக்காலத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் மண்ணில் ஈரம் இருக்கும்போது இரண்டாகப் பிரித்து இடுங்கள். உதிர்ந்த முந்திரிச் சருகைக் கூட்டி எரிக்கும் வழக்கம் இருந்தால் நிறுத்திவிட்டு, அதைத் தூரைத் தொடாமல் பாத்திக்குள் மூடாக்காகப் பரப்புங்கள். குழியில் சரளை எந்த ஆழத்தில் தட்டுப்படுகிறது என்பதை எழுதுங்கள். ஓரடிக்குள்ளேயே தட்டினால் வெட்டுவதைப் பற்றி அப்போது பேசுவோம்.