பட்டா நிலத்துக்கு அடியில் இருக்கும் கல்லும் மண்ணும் யாருக்குச் சொந்தம்?

நீங்கள் கேட்பதைப் பார்த்தால், தோட்டத்துக்கு யாரோ வந்து "பாறை நல்லா இருக்குதுங்க, விலை பேசலாமா" என்று கேட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும். கையெழுத்துப் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள். நான் வக்கீல் இல்லை. காங்கேயம் பக்கம் நாலு ஏக்கர் மேட்டுக்காடு வைத்திருப்பவன். ஆனால் இந்தப் பாடத்தைச் சொந்தக் காசு கட்டிப் படித்தவன்.

எங்கள் கிணற்றை ஆழப்படுத்தியபோது எடுத்த கல் மேட்டில் குவிந்து கிடந்தது. நம்ம காடு, நம்ம கல் என்பதுதான் அப்பாரு காலத்திலிருந்தே வீட்டில் பேச்சு. ஒரு டிப்பர்க்காரர் வந்தார். வாய் நிறைய அண்ணா அண்ணா என்று பேசி, 18,000 ரூபாய் கொடுத்து அள்ள ஆரம்பித்தார். மூன்றாவது நடையில் அதிகாரிகள் வண்டியை மடக்கி, நடைச்சீட்டு, அதாவது கல், மண் ஏற்றிப்போக அரசு தரும் அனுமதிச் சீட்டு, எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். "தோட்டத்துக்காரர்தானுங்க குடுத்தாரு" என்று அவர் என்னைக் காட்டிவிட்டார். அடுத்த வாரம் நோட்டீஸ் என் பேருக்கு. வாங்கியதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கட்டினேன். அந்தக் கல்லை என் வரப்புக்கே வைத்துக் கட்டியிருந்தால் ஒரு பயல் கேட்டிருக்க மாட்டான். ரோடு ஏறியதுதான் வினை.

அந்த அலைச்சலில்தான் சட்டம் விளங்கியது. மத்திய அரசின் 1957-ஆம் வருடத்துக் கனிமச் சட்டம் கல், கிராவல், மண் போன்ற சிறுகனிமங்களை மாநிலத்தின் கையில் கொடுத்திருக்கிறது. அதன்படி தமிழ்நாடு போட்ட விதிகள் 1959-இல் வந்தவை. பட்டா நிலமானாலும் கலெக்டர் அனுமதி வேண்டும், சீனியரேஜ் (வெட்டும் கனிமத்துக்கு அரசுக்குச் செலுத்தும் கட்டணம்) கட்ட வேண்டும், லோடுக்கு லோடு நடைச்சீட்டு வேண்டும். நம் காடுகளில் கிடக்கும் வெங்கச்சாங்கல்லும் (குவார்ட்ஸ்) 2015 முதல் சிறுகனிமமாகத்தான் இருந்தது; 2025-இல் அதைப் பெருங்கனிமமாக மாற்றிவிட்டார்கள். மீறினால் வண்டி பறிமுதல். வழக்கானால் ஐந்து வருடம் வரை சிறை.

"2013 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு தெரியாதா?" என்று யாராவது கிளம்புவார்கள். தெரியும் சாமி. அது கேரளத்து மலபாரில் பரம்பரையாக முழு உரிமையோடு வந்த ஜென்ம நிலங்களைப் பற்றிய வழக்கு. சட்டப்படி பறிக்கப்படாத வரை நிலத்தடி உரிமை நிலத்துக்காரருக்கே என்றது. சரி, சொந்தமாகவே இருக்கட்டும். வெட்டி விற்க அனுமதி வேண்டாம் என்று அதில் எங்கே இருக்கிறது? அதற்காக என்னைக் குவாரிக்கு வக்காலத்து வாங்குபவன் என்றும் நினைக்காதீர்கள். கோவை பக்கம் தடாகத்தில் செம்மண்ணைச் சுரண்டிய பள்ளங்களை நேரில் பார்த்தவன் நான்.

ஆகவே உங்களிடம் வந்தவர் அனுமதியைத் தன் பேரில் வாங்கிக் காட்டட்டும். பள்ளத்தை என்ன செய்வார், எத்தனை வருடம் வெட்டுவார் என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் எழுத்தாக வரட்டும். பழைய பத்திரத்தில் கனிம உரிமை பற்றி ஏதாவது வரி இருக்கிறதா என்று ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். டிப்பர்க்காரரின் வாய்ப்பேச்சை நம்பவே நம்பாதீர்கள்.

அடியில் இருப்பதுதான் இப்படி என்றால், மேலே இருப்பதாவது நம்முடையதா? என் காட்டின் குறுக்கே உயர்மின் கோபுரம் போகிறது. கேட்டால் 1885-ஆம் வருடத்துத் தந்திச் சட்டத்தைக் காட்டினார்கள். என் தாத்தாவுக்கே தாத்தா காலத்துச் சட்டம்! பதினோரு தென்னையை வெட்டிவிட்டு எட்டுக்குத்தான் இழப்பீடு கொடுத்தார்கள். மீதி மூன்றும் கன்றாம். அந்தக் கன்றுகளில் நாங்கள் ஆறு வருடம் காய் பறித்திருக்கிறோம்.