உள்ளங்காலை அழுத்தினால் வலி: கோளாறு முதுகெலும்பிலா?

கேள்வி: எனக்கு வயது 41. ஜவுளிக்கடையில் தினமும் பத்து மணி நேரம் நின்றே வேலை. ஓராண்டாக இடுப்பு வலி. கால் மசாஜ் செய்யும் இடத்தில் உள்ளங்காலின் உள் ஓரத்தை அழுத்தியபோது உயிர் போகிற வலி. ‘அது முதுகெலும்புப் புள்ளி, எலும்பு விலகியிருக்கிறது’ என்றார்கள். உண்மையா? வீட்டில் நானே காலை நீவிவிடலாமா?

பதில்: உங்கள் வலி உண்மை, அதற்கு அவர்கள் சொன்ன காரணம்தான் தவறு. ஒவ்வொரு உறுப்புக்கும் பாதத்தில் ஒரு புள்ளி என்று காட்டும் வரைபடத்தை 1930களில் அமெரிக்காவில் வளர்த்தெடுத்தவர் யூனிஸ் இங்காம். அதில் கட்டைவிரலிலிருந்து குதிகால் வரையிலான உள் ஓரம்தான் முதுகெலும்பு. அப்படி எலும்பின் நிலையைப் பாதத்தில் காட்டும் தனிப்பாதை எதுவும் உடற்கூற்றில் இல்லை. அங்கே இருப்பவை பாதவளைவைத் தாங்கும் தசைகளும், உள் கணுக்காலைச் சுற்றி இறங்கும் தசைநாணும். நாள் முழுக்க நிற்பவருக்கு அவை களைத்துப்போகும், அழுத்தினால் வலிக்கும்.

முதுகைப் பற்றிப் பாதம் சொல்லும் சேதிகள் வேறு. கட்டைவிரலை மேலே தூக்கப் பலம் குறைந்து, பாதத்தின் மேற்புறமும் மரத்துப்போனால், ஐந்தாவது இடுப்பு நரம்பு நசுங்குகிறதா என்று பார்ப்போம். ஒற்றைக்காலில் குதிகாலைத் தூக்க முடியாமல், சுண்டுவிரல் ஓரம் மரத்தால், அதற்கு அடுத்துக் கீழே வரும் ‘எஸ்1’ என்ற நரம்பின் மேல் சந்தேகம் வரும். குதிநாணை (குதிகாலின் பின்னால் உள்ள தடித்த நாண்) சுத்தியலால் தட்டும்போது பாதம் கீழ்நோக்கித் துள்ளும் அனிச்சையும் அந்த நரம்பைச் சேர்ந்ததுதான். ஒரு காலில் மட்டும் அது குறைந்திருந்தால் கவனிக்க வேண்டும். வயதானவர்களுக்கு இரண்டு காலிலும் சமமாகக் குறைவது சகஜம்.

நிற்கும் விதத்தை வீட்டிலேயே சோதிக்கலாம். வெறுங்காலுடன், கட்டைவிரல் நுனி சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளி இருக்க நின்று, குதிகாலைத் தூக்காமல் முழங்காலால் சுவரைத் தொடுங்கள். முடியவில்லை என்றால் கெண்டைக்கால் இறுகியிருக்கலாம். அப்போது கணுக்கால் மடங்காத குறையை ஈடுகட்டப் பாதவளைவு உள்ளே சரியும். முழங்காலும் உள்ளே திரும்பும். செருப்பையும் புரட்டிப் பாருங்கள். குதிகாலின் வெளி ஓரம் சற்றுத் தேய்வது பலருக்கும் இயல்பு. உள் ஓரம் தேய்ந்தாலோ, ஒரு செருப்பு மட்டும் அதிகம் தேய்ந்தாலோ பாரம் சமமாக விழவில்லை. கல்லாவில் சாய்ந்து ஒரே காலில் நிற்பவர்களிடம் இதை அடிக்கடி காணலாம். ஆனால் தட்டைப் பாதம் இருந்தும் முதுகு வலியே இல்லாதவர்கள் ஏராளம். அதனால் பாதத்தின் மேலேயே முழுப் பழியையும் போட்டுவிடாதீர்கள்.

தாராளமாக நீவிவிடலாம். இரவில் ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய் போதும். முதலில் கெண்டைக்காலைக் குதிநாணிலிருந்து முழங்கால் நோக்கி உள்ளங்கையால் இரண்டு நிமிடம் நீவுங்கள். பிறகு கைக் கட்டைவிரலால் உள்ளங்காலைக் குதிகாலிலிருந்து விரல்களின் அடிவரை மெதுவாகப் பத்து முறை. வலிக்கும் இடத்தில் 20 முதல் 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். வலி பத்துக்கு நான்கைத் தாண்டக் கூடாது. பலரும் தவறுவது இங்கேதான். தாங்க முடியாத அளவு அழுத்தினால் தசை இளகாமல் இறுகும், மறுநாள் கன்றிப்போகும். எழுந்து நிற்கும் முன் உள்ளங்காலில் எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். வழுக்கி விழுந்தால் வேறு வம்பு.

நீவியபின் இடுப்பு லேசாவது எலும்பு ‘சேர்ந்ததால்’ அல்ல. தசை தளர்ந்து வலியுணர்வு தணிந்ததால். அது சில மணி நேரம்தான் நிற்கும். நிலைக்க வேண்டுமானால் சுவரைப் பிடித்துக் கெண்டைக்காலை 30 விநாடி வீதம் மூன்று முறை இழுபடும்படி நீட்டுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள், குதிகாலைத் தூக்கி இறக்கும் பயிற்சியைப் பத்துப் பத்தாக மூன்று தடவை செய்யுங்கள். கடையில் 10–15 செ.மீ. உயரப் பலகையில் கால்களை மாற்றி மாற்றி வையுங்கள். இடையிடையே உட்காருங்கள். ஊழியருக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு கடைகள் சட்டத்திலேயே சேர்த்திருக்கிறார்கள், கேட்கத் தயங்காதீர்கள்.

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக வலித்தால் நீவவே கூடாது. ரத்தக்கட்டி இருக்கலாம், அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்கள் அழுத்திப் பிடிப்பதைத் தவிர்க்க வேண்டும். ஆறு வாரத்தில் குறையாவிட்டால் பிசியோதெரபிஸ்டிடம் நேரில் காட்டுங்கள். சிறுநீர் பிரியாமல் போனாலோ, ஆசனவாயைச் சுற்றி மரத்தாலோ, நடக்கும்போது பாதம் தரையில் இழுபட்டாலோ காத்திருக்க வேண்டாம். அன்றே, இரவானாலும், மருத்துவமனைக்குப் போங்கள்.