சைகை மொழியையும் பேச்சையும் மூளை ஒரே இடத்தில்தான் கையாளுகிறதா?

பெருமளவுக்கு ஆம். சைகை மொழி என்பது கையசைவு, முகபாவம், உடலை வைத்திருக்கும் விதம் ஆகியவற்றால் ஆன முழுமையான மொழி. அதற்கென்று இலக்கணமும் உண்டு. பேச்சுக்கு உதவும் இடப்பக்க மூளையின் புரோக்கா, வெர்னிக்கே பகுதிகளே இதற்கும் உழைக்கின்றன.

காரணம், சொற்களைக் கோத்துப் பொருள் காண்பதுதான் அப்பகுதிகளின் வேலை. சொல் காது வழியே வந்தாலும் கண் வழியே வந்தாலும் அந்த வேலை மாறுவதில்லை. ஒரே வீட்டுக்கு இரண்டு வாசல்கள் இருப்பதைப் போன்றது இது. வாசலில் வேறுபாடு உண்டுதான்: ஒலி முதலில் செவிப்புலப் பகுதிக்கும், சைகை பார்வைப் பகுதிக்கும் போகிறது.

என்னை மிகவும் நெகிழவைக்கும் சான்று பக்கவாதத்தில் கிடைத்தது. இடப்பக்க மூளை பாதிக்கப்பட்ட காது கேளாதவர்கள் சிலருக்குச் சைகைச் சொற்கள் தடுமாறிப் போயின. கையில் வலு இருந்தது. ஒரு பொருளை எப்படிப் பயன்படுத்துவது என்று நடித்துக் காட்டவும் முடிந்தது. ஆனால் அதே பொருளுக்கான சைகைச் சொல் மட்டும் கைக்கு வரவில்லை! நடிப்பு வேறு, மொழி வேறு என்று மூளையே பிரித்து வைத்திருக்கிறது.

வெறும் நடிப்பாக இல்லாமல் மொழியாக இருப்பதால், சைகை மொழியும் இடத்துக்கு இடம் மாறுகிறது. அது உலகெங்கும் ஒன்றே என்று பலர் நம்புகிறார்கள்; ஆனால் ஆங்கிலம் பேசும் அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்குமே சைகை மொழிகள் முற்றிலும் வேறு.