டாக்டர் போனைப் பார்த்து மருந்து எழுதினால் ஆளை மாற்ற வேண்டுமா?

கேள்வி: இரண்டு வயது மகளுக்குக் காய்ச்சல் என்று எங்கள் குடும்ப டாக்டரிடம் போனேன். எடை பார்த்தார், அப்புறம் போனை எடுத்து எதையோ தேடிவிட்டுத்தான் மருந்து எழுதினார். கூகுள் வைத்தியமோ என்று உறுத்துகிறது. வேறு டாக்டரிடம் போகலாமா?

பதில்: வேண்டாம். டாக்டரான நானும் அப்படித்தான் போனைப் பார்க்கிறேன், தினமும், பல தடவை. முன்பெல்லாம் மேஜை டிராயரில் மருந்து விவரப் புத்தகம் ஒன்று கிடக்கும், நோயாளி சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்ளும் நேரத்தில் புரட்டிவிடுவோம், யாரும் கவனிக்க மாட்டார்கள். அது இப்போது போனுக்குள் போய்விட்டதால் வாட்ஸ்அப் பார்க்கிறாரோ என்று தோன்றுகிறது, அவ்வளவுதான்.

உங்கள் மகளையே எடுத்துக்கொள்வோம். பாராசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வரை தரலாம். 12 கிலோ குழந்தைக்கு 180 மில்லிகிராம். சரி, அது எத்தனை மில்லி? 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் 7.2 மில்லி, 250 உள்ளது என்றால் 3.6, ஒரு மில்லியிலேயே 100 இருக்கும் சொட்டு மருந்து என்றால் 1.8 மட்டும். இதை ஞாபகத்திலிருந்து எழுதுகிறவரைவிட ஒருமுறை சரிபார்த்து எழுதுகிறவரைத்தான் நான் நம்புவேன்.

அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் 103 குடும்ப டாக்டர்களைக் கூடவே இருந்து கவனித்த ஆய்வு ஒன்று 1999-ல் பிஎம்ஜே என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. நோயாளிகளைப் பார்க்கும்போது அவர்களுக்கு எழுந்த சந்தேகங்கள் 1,101. அதில் 64 சதவீதத்துக்கு அவர்கள் உடனே விடை தேடவே இல்லை. தேடியபோதும் சராசரியாக 2 நிமிடத்துக்குள் முடித்துவிட்டார்கள். அதனால்தான் அப்டுடேட் போல மருத்துவத் தகவல்களைச் சுருக்கிக் கொடுக்கும் தளங்களுக்குச் சந்தா கட்டுகிறோம், தாய்ப்பால் கொடுப்பவருக்கு எந்த மருந்து ஆகும் என்று பார்க்க லாக்ட்மெட் என்ற தளம் இலவசமாகவே இருக்கிறது. கூகுளையும் தட்டுவதுண்டு, ஒளிக்க என்ன இருக்கிறது, பெரும்பாலும் ஏதோ ஒரு பிராண்டுக்குள் என்ன மருந்து இருக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான்.

எடை கேட்காமல், வேறு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்காமல், சொன்ன அறிகுறியை அப்படியே தட்டச்சு செய்துவிட்டுச் சீட்டு எழுதினால் யோசியுங்கள்.

நோயாளிகள் பக்கமும் ஒரு கோளாறு உண்டு. "பிரஷர் மாத்திரை டாக்டர், வெள்ளையா, சின்னதா இருக்கும்" என்பார்கள். அட்டையைக் கேட்டால், மெடிக்கலில் வெட்டிக் கொடுத்ததில் பெயர் இருந்த பக்கம் போயிருக்கும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு, அது தெரியாமல் வயிற்றுப்போக்குக்கு மெட்ரோனிடசோல் எழுதிவிட்டால் ரத்தக்கசிவு வரை போகலாம். பெயரே தெரியாத மாத்திரையை எந்தத் தளத்தில் தேடுவது?

என்ன பார்த்தீர்கள் என்று டாக்டரிடமே கேளுங்கள், பலர் திரையைத் திருப்பிக் காட்டிவிடுவார்கள். அடுத்த முறை போகும்போது வீட்டில் இருக்கும் சிரப் பாட்டிலையும் எடுத்துப் போங்கள், அது 125-ஆ 250-ஆ என்பது அதன் லேபிளில்தான் இருக்கிறது.