பி.பி.ஓ. எந்த அலமாரியில்?

அன்புள்ள ஐயா,

அஞ்சல் துறையில் 36 ஆண்டுகள் வேலை பார்த்து, இரண்டு வருடங்களுக்கு முன் ஓய்வு பெற்றேன். எங்கள் ஊர் ஓய்வூதியர் சங்கத்தில் சேரச் சொல்லிப் பழைய சகா ஒருவர் விடாமல் நச்சரிக்கிறார். ஆயுள் சந்தா ஆயிரம் ரூபாய். எதற்கும் பார்த்துவிடலாம் என்று ஒரு கூட்டத்துக்குப் போனேன். இறந்துபோனவர்களுக்கு மௌன அஞ்சலி, அப்புறம் வரவு செலவுக் கணக்கைப் பற்றி ஒரு மணி நேரச் சண்டை, அப்புறம் முட்டிவலிக்கு எந்த எண்ணெய் நல்லது என்ற ஆலோசனை. டிசம்பர் 17 விழாவுக்கு நன்கொடை ரசீதை வேறு நீட்டினார்கள். அந்தக் கிழடுகளோடு போய் உட்கார எனக்கு இன்னும் வயதாகவில்லை என்றுதான் தோன்றியது.

பென்ஷன் மாதக் கடைசியில் ஒழுங்காக வந்துவிடுகிறது. உத்தரவுகள் வாட்ஸ்அப்பில் வருகின்றன. ரயில் சலுகை பறிபோனபோது இந்தச் சங்கங்களால் என்ன கிழிக்க முடிந்தது? நியூஜெர்சியில் இருக்கும் மகள், அங்கே ஏ.ஏ.ஆர்.பி. என்ற அமைப்பில் 50 வயதிலேயே சேர்ந்துவிடுகிறார்கள், ஹோட்டல், வாடகைக் கார் எல்லாவற்றிலும் தள்ளுபடி உண்டு என்கிறாள். நம்மிடமும் அப்படி ஒன்று இருந்தால் சேரலாம். என் மனைவியோ, 'போய்ச் சேருங்கள், வீடு கொஞ்சம் அமைதியாக இருக்கும்' என்கிறாள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

எஸ்., கும்பகோணம்

அன்புள்ள எஸ்.,

சேரலாமா, வாங்கலாமா, விற்கலாமா என்று கேட்கும் கடிதங்களுக்கு நான் பொதுவாகப் பதில் எழுதுவதில்லை. உங்களுக்கு எழுதக் காரணம், கடைசி வரியில் போகிற போக்கில் தலையைக் காட்டிவிட்டுப் போன உங்கள் மனைவி. கொஞ்ச நாளாகவே ஓய்வுபெற்ற ஆண்களின் மனைவிகளைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவரிடம் பிறகு வருகிறேன்.

முதலில் சில்லறை விஷயங்கள். கணக்குக்காகச் சண்டை போடும் சங்கம் நல்ல சங்கம். ஆண்டறிக்கையைக் கைதட்டி நிறைவேற்றிவிட்டு டீ குடிக்கப் போகிற இடத்தில்தான் பர்ஸைப் பிடித்துக்கொள்ள வேண்டும். முட்டிவலி எண்ணெயைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை, உங்களுக்கும் ஒருநாள் தேவைப்படும். 'கிழடுகள்' என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு 62 வயது சார். மௌன அஞ்சலியில் நீங்கள் நெளிந்ததற்குக் காரணம் என்ன என்று உங்களுக்கே தெரியும், அதை நான் கிளற வேண்டியதில்லை.

ரயில் சலுகை விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆண்களுக்கு 60 வயதிலிருந்து 40 சதவீதமும் பெண்களுக்கு 58 வயதிலிருந்து 50 சதவீதமும் இருந்த சலுகையை 2020 மார்ச்சில் கொரோனாவைச் சொல்லி நிறுத்தினார்கள். கொரோனா போனது, சலுகை வரவில்லை. சங்கங்கள் எழுதிய மனுக்களை அடுக்கினால் ஒரு பார்சல் பெட்டி நிறையும். தோல்விதான்.

மகள் சொன்ன ஏ.ஏ.ஆர்.பி.யின் கதையைப் பாதியில் பிடித்திருக்கிறீர்கள். அதைத் தொடங்கியவர் எதல் பெர்சி ஆண்ட்ரஸ் என்ற ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. கலிஃபோர்னியாவில் ஒரு முன்னாள் ஆசிரியை, கிடைத்த பென்ஷனில் வீட்டு வாடகை கட்ட முடியாமல் கோழிக்கூண்டில் குடியிருப்பதை அவர் பார்த்தார். 1947-இல் ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்கு ஒரு சங்கம் வைத்தார். அப்போது அங்கே முதியவர்களுக்கு மருத்துவக் காப்பீடு கொடுக்க யாரும் தயாராக இல்லை. அந்த அம்மாள் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கி, பலர் கைவிரித்த பிறகு ஒருவரைச் சம்மதிக்க வைத்தார். அதன் பிறகு 1958-இல் எல்லாத் தொழில்காரர்களுக்குமாக வந்ததுதான் உங்கள் மகள் சொல்லும் அமைப்பு. அரசே முதியோருக்கு மெடிகேர் என்ற மருத்துவக் காப்பீட்டைக் கொண்டுவந்தது 1965-இல். ஹோட்டல் தள்ளுபடியெல்லாம் பின்னால் ஒட்டிக்கொண்டவை. தள்ளுபடி வேண்டுமென்றால் மகளிடம் சொல்லி ஒரு கிரெடிட் கார்டு வாங்கிக்கொள்ளுங்கள், அதற்குச் சங்கம் வேண்டாம்.

அடுத்தது, நன்கொடை ரசீது நீட்டினார்களே, அந்த டிசம்பர் 17. அஞ்சல் துறையில் 36 வருடம் இருந்தவருக்கு அது என்ன நாள் என்று தெரியவில்லை என்றால் எனக்குக் கோபம் வருகிறது, மறைப்பானேன். 1979 மே மாதம் மத்திய அரசு பென்ஷன் கணக்கிடும் முறையைத் தாராளமாக மாற்றியது. ஆனால் 1979 மார்ச் 31 அன்றோ அதற்குப் பிறகோ ஓய்வு பெற்றவர்களுக்கு மட்டும். ஒரு நாள் முன்னால் வீட்டுக்குப் போனவர்களுக்குப் பழைய பென்ஷன்தான். 1972-இல் ஓய்வு பெற்றிருந்த டி.எஸ். நகரா என்பவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். கூடவே ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர். மூன்றாவது மனுதாரர் ஆள் இல்லை, பதிவுபெற்ற ஒரு சங்கம்: 'காமன் காஸ்'. தனித்தனியாக வழக்கு நடத்தத் தெம்போ காசோ இல்லாத முதியவர்களுக்காக அது வந்து நிற்கலாம் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 1982 டிசம்பர் 17 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்புச் சொன்னது: அந்தத் தேதி எல்லைக்கோடு செல்லாது, பென்ஷன் அரசு பார்த்துப் போடும் பிச்சை இல்லை, உழைத்தவரின் உரிமை. கம்யூட் செய்த, அதாவது முன்கூட்டியே மொத்தப் பணமாக வாங்கிக்கொண்ட பென்ஷன் பகுதி 15 வருடம் கழித்து முழுதாகத் திரும்ப வருகிறதே, அதுவும் அதே சங்கம் போட்ட இன்னொரு வழக்கில் 1986-இல் கிடைத்தது.

நீங்களும் கம்யூட் செய்திருப்பீர்கள். 75 வயதில் அது திரும்பி வரும்போது, 'ஒழுங்காக வந்துவிடுகிறது' என்று யாருக்காவது கடிதம் எழுதுவீர்கள்.

சரி, உங்கள் மனைவி.

என் பெரியப்பா ரயில்வேயில் கார்டாக இருந்தவர். எந்தச் சங்கத்திலும் சேரவில்லை. காரணங்கள் ஏறக்குறைய உங்களுடையவைதான், ஒன்றிரண்டு கெட்ட வார்த்தைகள் கூடுதல். வீட்டுக் காகிதம் அத்தனையும் ஸ்டீல் பீரோவின் உள்ளறையில். சாவி அவர் அரைஞாண் கயிற்றில். பெரியம்மாவுக்கு அந்த அறையில் என்ன இருக்கிறது என்று தெரியாது, கேட்டதும் கிடையாது. கேட்டால், 'உனக்கு எதுக்கு அதெல்லாம்?' பெரியம்மா மேல் பிரியமில்லாதவர் என்று சொல்லிவிட முடியாது. மாதா மாதம் பென்ஷன் வாங்கி வரும்போது அவருக்காகவே அல்வா வாங்கி வருவார். எவ்வளவு வந்தது என்று மட்டும் சொல்லமாட்டார்.

அவர் போனபின் பி.பி.ஓ., அதாவது பென்ஷன் வழங்கச் சொல்லும் ஆணைக் காகிதம், கிடைக்கவே ரொம்ப நாளானது. ஒரு பழைய பஞ்சாங்கத்துக்குள் மடித்து வைத்திருந்தார். பென்ஷன் கணக்கு அவர் பெயரில் மட்டும். புதிதாகக் கணக்குத் தொடங்கி, படிவம் நிரப்பி, சாட்சிக் கையெழுத்துக்கு ஆள் பிடித்து, குடும்ப ஓய்வூதியம் வரத் தொடங்குவதற்குள் பெரியம்மா தன் வளையலை அடகு வைத்துவிட்டார். எங்களிடம்கூடச் சொல்லவில்லை.

இது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். எனக்கு ஆறாதது இதற்குப் பிறகு நடந்தது. 80 வயதானால் பென்ஷன் 20 சதவீதம் கூடும், 85-இல் 30, 90-இல் 40, 95-இல் 50, நூறு வயதானால் இரண்டு மடங்கு என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். குடும்ப ஓய்வூதியத்துக்கும் அது உண்டு. ஆனால் பழைய பி.பி.ஓ.க்கள் பலவற்றில் மனைவியின் பெயர் இருக்கும், பிறந்த தேதி இருக்காது. வங்கிக் கம்ப்யூட்டருக்கு அந்தப் பெண்ணின் வயதே தெரியாது. பெரியம்மா 80-ஐத் தாண்டினார். ஒரு பைசா கூடவில்லை. கூட வேண்டும் என்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது, வங்கியில் யாரும் சொல்லவும் இல்லை.

ஒரு நவம்பர் மாதம் உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்க அவரை வங்கிக்கு அழைத்துப் போயிருந்தேன். வரிசையில் பின்னால் நின்ற ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர், 'அம்மாவுக்கு என்ன வயசு?' என்று கேட்டார். எண்பத்து மூன்றோ நான்கோ என்றேன். பாஸ்புக்கை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடியும் பார்த்தார். 'இருபது பெர்சென்ட் ஏறவே இல்லையே தம்பி!' அவர் உள்ளூர்ச் சங்கத்தின் செயலாளர். பெரியம்மாவிடம் பிறப்புச் சான்றிதழும் இல்லை, பள்ளிக்கூடச் சான்றிதழும் இல்லை. எந்தெந்த ஆவணங்களை வயதுக்கு ஆதாரமாக ஏற்கலாம் என்று டெல்லியிலிருந்து வந்த உத்தரவின் நகல் அவர் பையிலேயே இருந்தது. வங்கி மேலாளரின் மேசைக்கு அவர் எத்தனை முறை போனார் என்று எனக்குத் தெரியாது, நான் கூடப் போகவில்லை. ஒருநாள் அரியர்ஸ் வந்து விழுந்தது. வளையல் திரும்பி வந்தது. பெரியப்பா கட்டாத வருடங்களுக்கும் சேர்த்துச் சந்தா கட்டுவேன் என்று பெரியம்மா பிடிவாதம் பிடித்தார். செயலாளர் சிரித்துவிட்டு ஒரு வருடச் சந்தாவை மட்டும் வாங்கிக்கொண்டார்.

உறுப்பினர் இல்லாதவருக்கும் செய்தாரே, பிறகு நான் எதற்குச் சேர வேண்டும் என்று உடனே கேட்பீர்கள். உங்கள் கடிதத்தின் தொனியிலிருந்து சொல்கிறேன், கேட்பீர்கள். அந்த உத்தரவை நகல் எடுத்த காசு யாருடையது? செயலாளர் வங்கிக்கு வந்துபோன பஸ் டிக்கெட் யார் காசு? ஆயிரம் ரூபாய் கட்டிவிட்டு முட்டிவலி பேசிக்கொண்டிருந்தார்களே, அந்தக் கிழடுகளின் காசு. நீங்கள் 36 வருடம் வாங்கிய சம்பள உயர்விலும் இப்போது வாங்கும் பென்ஷனிலும் இப்படி யாரோ கட்டிய சந்தா கலந்திருக்கிறது. உங்கள் அலுவலகத்தில் தபால் பை தூக்கிய கிராமிய டாக் சேவக்குக்கு இந்தப் பென்ஷன் கிடையாது. 2004 ஜனவரி முதல் வேலைக்கு வந்தவர்களுக்கும் இப்படிக் கிடையாது. உங்களுக்கு இருக்கிறது என்றால் அது தானாக மரத்தில் காய்த்ததில்லை.

வாட்ஸ்அப்பில் உத்தரவு வருகிறது என்கிறீர்கள். வரட்டும். உங்கள் போனுக்கு வருகிறது. உங்களுக்குப் பிறகு அந்த போனின் பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும்?

தயவுசெய்து இன்று சாயங்காலம் ஒரு காரியம் செய்யுங்கள். பி.பி.ஓ.வை எடுத்து மனைவியின் முன்னால் வையுங்கள். அவர் பெயர் ஆதாரில் உள்ள எழுத்துகளிலேயே இருக்கிறதா, பிறந்த தேதி இருக்கிறதா என்று அவரையே படிக்கச் சொல்லுங்கள். பென்ஷன் கணக்கு உங்கள் பெயரில் மட்டும் இருந்தால் இருவர் பெயருக்கும் மாற்றுங்கள். விதி அதை அனுமதிக்கிறது. அப்படி இருந்தால் பின்னால் ஒரு கடிதமும் இறப்புச் சான்றிதழுமே பெரும்பாலும் போதும், வளையல் அடகுக்கடைக்குப் போக வேண்டியதில்லை. எவ்வளவு வருகிறது என்று சொல்லுங்கள். சொன்னால் செலவழித்துவிடுவார் என்ற பயம் 62 வயதில் அசிங்கம். அவர் சலித்துக்கொள்வார், 'இப்ப எதுக்கு அபசகுனமா' என்பார். விடாதீர்கள். பெரியப்பாவும் அந்தச் சலிப்பைச் சாக்காக வைத்துத்தான் சாவியைக் கயிற்றிலேயே முடிந்துகொண்டார்.

1964 குடும்ப ஓய்வூதியத் திட்டத்துக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டவர்களின் விதவைகளுக்கு ஒன்றுமே கிடைக்காமல் இருந்தது. அந்தப் பெண்கள் உச்ச நீதிமன்றம் வரை போய் 1985-இல் அதை வாங்கினார்கள். பெண்களுக்கு இதெல்லாம் புரியாது என்று இனிமேல் யாராவது சொன்னால் அதைச் சொல்லுங்கள். நான் பார்த்த சங்கக் கூட்டங்களில் முன் வரிசை முழுக்க ஆண்கள். குடும்ப ஓய்வூதியம் வாங்கும் பெண்கள் கடைசி பெஞ்சில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, தங்கள் முறை எப்போது வரும் என்று உட்கார்ந்திருப்பார்கள். சங்கத்தில் எனக்கு உள்ள குறை இது ஒன்றுதான், நீங்கள் எழுதாமல் விட்ட குறையும் இதுதான்.

அடுத்த கூட்டத்துக்கு மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். முன் வரிசையில் உட்காருங்கள். செயலாளரின் பெயரையும் போன் நம்பரையும் மனைவி தன் கையாலேயே எழுதிக்கொள்ளட்டும். வீட்டில் அமைதி வேண்டும் என்று உங்களை அனுப்பப் பார்த்தவர், கூடக் கூப்பிட்டால் கொஞ்சம் முறைப்பார்தான். கணக்குச் சண்டை மறுபடி வந்தால் நடுவில் புகாதீர்கள், பொருளாளர் பதவிக்கு உங்களை நிறுத்தப் பார்ப்பார்கள். ஆயுள் சந்தாவுக்கு ரசீது கேட்டு வாங்குங்கள். அந்த ரசீதைப் பீரோவின் உள்ளறையில் வைக்காதீர்கள்.

அன்புடன்.