வாசகர் கேள்வி: படத்தைப் பார்ப்பதா, பேச்சைக் கேட்பதா?

போன இதழில் ‘தி மிட்நைட் காஸ்பல்’ பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதி கோபம், பாதி கண்ணீர். அதனால் இந்த முறை பகுதி முழுக்க அதற்கே. தொடரைப் பார்க்காதவர்களுக்கு ஒரு சிறு அறிமுகம். இது 2020 ஏப்ரல் 20 அன்று நெட்ஃபிளிக்ஸில் வந்த, பெரியவர்களுக்கான அமெரிக்க அனிமேஷன் தொடர். மொத்தம் 8 எபிசோடுதான். ‘அட்வென்ச்சர் டைம்’ கார்ட்டூனை உருவாக்கிய பெண்டில்டன் வார்டும், நகைச்சுவைக் கலைஞர் டங்கன் டிரஸ்ஸலும் சேர்ந்து செய்தது. கிளான்சி என்று இளஞ்சிவப்புத் தோல்கொண்ட ஒருவன், அவனுக்குக் குரல் டிரஸ்ஸலுடையது. பிரபஞ்சங்களைப் போலி செய்து காட்டும் சிமுலேட்டர் ஒன்றுக்குள் தலையை விட்டு, அழியப்போகும் உலகம் ஒவ்வொன்றுக்கும் போய், அங்கே இருப்பவர்களைப் பேட்டி எடுப்பான். சரி, கேள்விகளுக்கு வருவோம்.

கே: பத்து நிமிஷம் பார்த்தேன், மண்டை காய்ந்துவிட்டது. ஒரு பக்கம் ஜாம்பிகள் ஆளைக் கடித்துக் குதறுகின்றன. இன்னொரு பக்கம் இரண்டு பேர் போதைப்பொருள் நல்லதா கெட்டதா என்று நிதானமாகப் பேசிக்கொண்டே போகிறார்கள். எதைப் பார்ப்பது, எதைக் கேட்பது? – வாசகர், ஈரோடு

ப: அதிகம் பேர் கேட்டிருப்பது இதைத்தான். இந்தத் தொடர் எப்படி உருவானது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். பேச்சு முதலில் பிறந்தது, படம் பிறகு வந்தது. டிரஸ்ஸல் பல வருடங்களாக ஒரு பாட்காஸ்ட் நடத்துகிறார், ‘தி டங்கன் டிரஸ்ஸல் ஃபேமிலி அவர்’ என்று பெயர். மருத்துவர்கள், எழுத்தாளர்கள், தியான ஆசிரியர்கள் என்று யார் யாரையோ உட்காரவைத்து மணிக்கணக்கில் பேசுவார். அப்படி எப்போதோ பேசிய நிஜமான பேச்சை வெட்டி, ஒட்டுவதற்குக் கொஞ்சம் வசனம் சேர்த்து, அதன்மேல் படம் வரைந்திருக்கிறார்கள். நீங்கள் பார்த்த முதல் எபிசோடில் குட்டி அதிபராக வருபவரின் குரல் டாக்டர் ட்ரூ பின்ஸ்கியுடையது, போதை அடிமைகளுக்குச் சிகிச்சை தருபவர். அவர் பேசியபோது அறையில் ஜாம்பி கிடையாது, ஒரு மைக் இருந்தது, எதிரில் ஒரு நண்பர் இருந்தார், அவ்வளவுதான்.

அப்படியென்றால் இரண்டும் ஏன் ஒட்டாமல் கிடக்கின்றன என்று கேட்பீர்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து யாரிடமாவது முக்கியமான விஷயம் பேசியிருக்கிறீர்களா? அப்பாவுக்கு இனி என்ன செய்வது என்று அண்ணனும் தங்கையும் குரல் தாழ்த்திப் பேசிக்கொண்டிருப்பார்கள். நடுவில் டீக்காரர் வருவார், ஸ்ட்ரெச்சர் ஒன்று தடதடவென்று போகும், சுவரில் மாட்டிய டிவியில் யாரோ டான்ஸ் ஆடுவார்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இருக்காது, ஆனாலும் எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கும், பத்து வருஷம் கழித்து அந்தப் பேச்சை நினைத்தால் அந்த டிவிப் பாட்டும் கூடவே வரும். இரண்டாவது எபிசோடில் நாயும் மானும் கலந்த ஒரு பிராணி, எழுத்தாளர் ஆன் லமாட்டின் குரலில், சாவைப் பற்றிப் பேசிக்கொண்டே இறைச்சித் தொழிற்சாலையின் பெல்ட்டில் நகர்ந்துபோய் அரவை இயந்திரத்துக்குள் விழுகிறது. விழுந்த பிறகும் பேச்சு நிற்பதில்லை. நிஜ வாழ்க்கை எனக்கு அப்படித்தான் கேட்டிருக்கிறது.

ஒரு யோசனை சொல்கிறேன். முதல் தடவை பேச்சை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். படம் பஸ் ஜன்னலுக்கு வெளியே ஓடுவதுபோல் ஓடட்டும். அப்புறம் ஒரு நாள் அதே எபிசோடை மறுபடி போட்டுக் கண்ணால் பாருங்கள். ஆங்கிலத்தைக் காதால் பிடிப்பது சிரமம், சப்டைட்டில் வேண்டும் என்றால், நடுநடுவே நிறுத்தித்தான் பார்க்க வேண்டியிருக்கும். ஒரே மூச்சில் எட்டையும் பார்ப்பது வேண்டவே வேண்டாம்.

கே: இது கஞ்சா அடிப்பவர்களுக்காக எடுத்தது, நீங்கள் ஏன் இதைத் தூக்கிப் பிடிக்கிறீர்கள்? – வாசகர், நாகர்கோவில்

ப: உங்கள் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. வெளியான தேதியே ஏப்ரல் 20, அமெரிக்காவில் கஞ்சாப் பழக்கம் உள்ளவர்கள் கொண்டாடும் நாள். டிரஸ்ஸலும் தன் அனுபவங்களை ஒளித்துப் பேசுகிறவர் இல்லை. ஆனால் தொடரை ஒழுங்காகக் கேட்டால் அது போகிற திசை வேறாக இருப்பது தெரியும். இந்தப் பேச்சுகளுக்குப் பின்னால் நிழல்போல ஒருவர் நிற்கிறார், ராம் தாஸ். அவருடைய இயற்பெயர் ரிச்சர்ட் ஆல்பர்ட், ஹார்வர்டில் உளவியல் பேராசிரியர். அங்கே உடன் வேலை பார்த்த உளவியலாளர் டிமதி லியரியோடு சேர்ந்து மனமயக்க மருந்துகளை ஆராய்ந்தவர், அந்த விவகாரத்தில் 1963இல் வேலை போனது. 1967இல் இந்தியா வந்து, வடக்கே நீம் கரோலி பாபா என்ற சாமியாரைச் சந்தித்து, ராம் தாஸ் என்று பெயர் வாங்கிக்கொண்டு திரும்பினார். பாபாவுக்கு எல்எஸ்டி என்ற மனமயக்க மாத்திரைகளைக் கொடுத்துப் பார்த்தேன், அவருக்கு ஒன்றுமே ஆகவில்லை என்று ராம் தாஸே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். அந்த ஒன்றுமே ஆகாத நிலை மாத்திரை இல்லாமல் எப்படி வரும் என்பதுதான் அவர் மிச்ச வாழ்நாள் முழுக்கத் தேடியது. இந்தத் தொடரின் கவலையும் அதேதான். ராம் தாஸ் 2019 டிசம்பரில் காலமானார், நாலு மாதத்தில் தொடர் வந்தது. இரண்டாவது எபிசோடில் குரல் கொடுத்த ரகு மார்க்கஸும் நீம் கரோலி பாபாவின் சீடர்.

நான் சாயங்காலம் ஒரு டம்ளர் காபியோடு பார்த்தேன். வேறு எதுவும் தேவைப்படவில்லை, தேவைப்படும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள்.

கே: என் பையனுக்கு 13 வயது. ‘அட்வென்ச்சர் டைம்’ அவனுக்கு உயிர். அதே ஆள் எடுத்தது என்றால் இதையும் காட்டலாமா சார்? – வாசகி, திருச்சி

ப: வேண்டாம் அம்மா. ரத்தம், குடல், நிர்வாணம், கெட்ட வார்த்தை எல்லாம் இருக்கிறது, மிட்டாய் கலரில் இருப்பதால் முதல் ஐந்து நிமிஷம் தெரியாது. வளர்ந்து அவனே தேடிப் பார்க்கட்டும்.

கே: மூன்றாவது எபிசோடில் தலைக்குப் பதில் மீன் தொட்டி வைத்த ஒருவர், பூனைகள் ஓட்டும் கப்பலில், சிறையில் தியானம் செய்ததாகச் சொல்கிறாரே, அது கற்பனையா? – வாசகர், கோயம்புத்தூர்

ப: மீன் தொட்டி கற்பனை, சிறை நிஜம். அந்தக் குரல் டேமியன் எக்கல்ஸுடையது. 1993இல் ஆர்கன்சா மாநிலத்தின் வெஸ்ட் மெம்ஃபிஸ் ஊரில் எட்டு வயதுச் சிறுவர்கள் மூன்று பேர் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கில் மூன்று வாலிபர்கள் பிடிபட்டார்கள், எக்கல்ஸுக்கு 1994இல் மரண தண்டனை. கறுப்புச் சட்டை போட்டது, ராக் சங்கீதம் கேட்டது, மாந்திரீகப் புத்தகம் படித்தது எல்லாம் அவருக்கு எதிராகப் பேசப்பட்டன. 18 வருஷம் மரண தண்டனைக்குக் காத்திருப்போர் கொட்டடியில் இருந்து, 2011 ஆகஸ்டில் மற்ற இருவரோடு வெளியே வந்தார். அதுவும் முழு விடுதலை இல்லை. நான் நிரபராதி என்று சொல்லிக்கொண்டே, சட்டப்படி குற்றத்தை ஒப்புக்கொள்ளும் ஒரு விசித்திரமான ஏற்பாடு அமெரிக்கச் சட்டத்தில் உண்டு, அதன்படிதான் விட்டார்கள்.

இதைத் தெரிந்துகொண்டு அந்த எபிசோடை மறுபடி பாருங்கள். மந்திரம், மூச்சுப் பயிற்சி என்று அவர் பேசும்போது முதலில் எனக்கு எரிச்சல் வந்தது. அப்புறம் அந்த 18 வருஷம் தெரிந்ததும் ஒரு வார்த்தைகூடக் கேலியாகத் தோன்றவில்லை. அறைக்குள் புத்தி கலங்காமல் இருக்க அவரிடம் அது ஒன்றுதான் இருந்திருக்கிறது.

கே: ஆழமாக ஒன்றும் இல்லை. பௌத்தம் கொஞ்சம், திபெத் கொஞ்சம், சிறையில் செத்துச் செத்துப் பிழைக்கும் கைதி, எல்லாம் மேலோட்டம். ஒரு தத்துவப் புத்தகத்தின் பத்துப் பக்கம் இதைவிட மேல். – வாசகர், மதுரை

ப: தத்துவம் படிக்க வேண்டுமென்றால் புத்தகம்தான் மேல், ஒப்புக்கொள்கிறேன். நாலாவது எபிசோடிலும் ஐந்தாவதிலும் பேச்சு சில இடங்களில் சுற்றிச் சுற்றி வருவதும் உண்மை. ஆனால் இதைப் பாடமாக எடுத்துக்கொண்டால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். கிளான்சி எந்தக் கேள்விக்கும் விடை தெரிந்து உட்காரவில்லை. அக்காவின் போனை எடுக்கத் தயங்குகிறவன், இருக்கும் ஒரே சிமுலேட்டரைக்கூடப் பராமரிக்காமல் கெடுக்கிறவன், அப்படிப்பட்டவன் ஒவ்வொரு உலகமாகப் போய்க் கேட்கிறான். ஆறாவது எபிசோடில் மிஷின் படுத்துவிடும், வேறு வழியில்லாமல் தியானம் பழகப் போவான், அவனால் ஒரு நிமிஷம் சும்மா உட்கார முடியாது. எனக்கும் முடிவதில்லை. ஆழம் அவர்கள் சொல்கிற பதிலில் இருக்கிறதா என்று எனக்குப் பெரிய அக்கறை இல்லை. ஒருவர் பேச இன்னொருவர் உண்மையாகக் கேட்கிறார், அதை இவ்வளவு நேரம் திரையில் நான் பார்த்ததில்லை.

கே: ஏழாவது எபிசோடில் வரும் மரணம் என்ற பெண், அமெரிக்காவில் பிணத்தை வீட்டில் வைப்பதே போய்விட்டது என்கிறார். அப்படியா? – வாசகி, தஞ்சாவூர்

ப: அந்தக் குரல் கெய்ட்லின் டௌட்டி. தொழில்முறையாக இறுதிச் சடங்கு நடத்துபவர். சாவைப் பற்றி மக்கள் வெளிப்படையாகப் பேச வேண்டும் என்று ஒரு அமைப்பும் நடத்துகிறார். அவர் சொல்லும் வரலாறு சரிதான். ஒரு காலத்தில் அங்கேயும் வீட்டுப் பெண்களே உடலைக் குளிப்பாட்டிக் கூடத்தில் கிடத்தினார்கள். 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் வீட்டைவிட்டுத் தூரத்தில் செத்த சிப்பாய்களை ஊருக்கு அனுப்ப, ரத்தத்தை எடுத்துவிட்டு மருந்து ஏற்றும் எம்பாமிங் பரவியது. 1865இல் லிங்கனின் உடலை அப்படித்தான் பதப்படுத்தி ரயிலில் ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள், லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். அப்புறம் அது ஒரு தொழிலாகி, உடல் வீட்டைவிட்டுப் போய்விட்டது. நமக்கு இன்னும் தெருவில் பந்தல் இருக்கிறது, கூடத்தில் ஃப்ரீசர் பெட்டி இருக்கிறது, தண்ணீர் ஊற்ற நாலு கை இருக்கிறது. தஞ்சாவூர்க்காரரான உங்களுக்கு இந்த எபிசோடு விநோதமாகப்பட்டதில் ஆச்சரியமில்லை. ஆனால் தொடரில் இது ஏழாவதாக வைக்கப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். சாவின் முகத்தை ஒருமுறை நேராகப் பார்க்கவைத்துவிட்டுத்தான் எட்டாவதுக்குக் கூட்டிப்போகிறார்கள்.

கே: அம்மா போய் ஏழு மாதம் ஆகிறது. கேன்சர். தோழி ஒருத்தி கடைசி எபிசோடைப் பார் என்கிறாள், இன்னொருத்தி பார்க்காதே என்கிறாள். நான் என்ன செய்யட்டும்? – வாசகி, விழுப்புரம்

ப: உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அதில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன், முடிவு உங்களுடையது.

எட்டாவது எபிசோடில் பேட்டி கொடுப்பவர் டிரஸ்ஸலின் அம்மா, டெனீன் ஃபெண்டிக். உளவியலாளர். மார்பகப் புற்றுநோய் உடம்பெல்லாம் பரவிய நிலையில், 2013இல், சாவதற்குச் சில வாரங்கள் முன்பு மகனோடு உட்கார்ந்து பேசியது. ஏழு வருஷம் கழித்து அந்தக் குரலுக்குப் படம் வரைந்தார்கள். அவர் வாயிலிருந்து புதிதாக ஒரு சொல்கூடச் சேர்க்க வழியில்லை, இருந்ததை வைத்துத்தான் செய்ய வேண்டும். படத்தில் கிளான்சி குழந்தையாக அவளுக்குப் பிறக்கிறான். பேசப் பேச அவன் வளர்கிறான், அவள் கிழவியாகிறாள். அப்புறம் அவன் வயிறு பெருத்து, அவளை அவன் பெற்றெடுக்கிறான். கடைசியில் இருவரும் கிரகங்களாகி அக்கம்பக்கமாக மிதக்கிறார்கள். மகன் குரல் உடைந்து, இந்த வலியை என்ன செய்வது என்று கேட்கிறான். அழு என்கிறாள் அம்மா. ஒரே சொல். தத்துவம், சமாதானம், எதுவும் இல்லை. நான் சீக்கிரம் போய்விடலாம், இந்த அன்பு எங்கும் போகாது என்றும் சொல்கிறாள்.

இந்த இடத்தில் படம் அடங்கிவிடுகிறது. ஏழு எபிசோடாகக் காதைப் பிடுங்கிய இரைச்சல் எல்லாம் விலகி அந்தக் குரல் மட்டும் நிற்கிறது. இந்தக் குரலைக் கேட்கும் பக்குவம் நமக்கு வருவதற்காகத்தான் இத்தனை உலகமும் நம் கண் முன்னால் அழிந்தன என்று எனக்குப் பட்டது.

அன்றிரவு நான் பழைய போனைத் தேடி எடுத்து சார்ஜ் போட்டேன். அதில் என் அம்மா அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் ஒன்று இருக்கிறது, இருபது நொடி. “சாப்ட்டியாப்பா? மாவு அரைச்சு வெச்சிருக்கேன், ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துட்டுப் போ.” நடுவில் குக்கர் விசில் அடிக்கும், “இரு” என்று சொல்லிவிட்டு எழுந்து போவாள், அடுப்பை நிறுத்தும் சத்தம் கேட்கும், திரும்ப வந்து “சரி, வெச்சுடறேன்” என்பாள். நாலு வருஷமாக அதைத் திறக்கவில்லை. அன்று திறந்தேன். விசில் வந்த இடத்தில்தான் அழுதேன்.

அதனால், இப்போது வேண்டாம் என்று தோன்றினால் வேண்டாம், அது ஓடிப்போகாது. பார்ப்பதானால் தனியாகப் பார்க்காதீர்கள், பார் என்று சொன்ன அந்தத் தோழியைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். மறுநாள் காலை வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

கே: இரண்டாவது சீசன் வருமா? – வாசகர், சேலம்

ப: வராது. 2022இல் நெட்ஃபிளிக்ஸ் தொடரை நிறுத்திவிட்டது. டிரஸ்ஸலின் பாட்காஸ்ட் இருக்கிறது, அம்மாவோடு பேசிய 2013 பதிவும் இருக்கிறது. படம் இல்லாமல் அதை ஒருமுறை கேளுங்கள்.