வாசகர் கேள்வி: கொசு உள்ளான், தட்டான், விட்டில்

கே: கோடியக்கரையில் தினமும் பறவைக் குறிப்பெடுக்கிறேன். கூட்டமாக மேயும் சிறு உள்ளான்களை எப்படி எண்ணுவது, எப்படிப் பிரிப்பது?
– வேதாரண்யம் வாசகர்

ப: எண்ணிக்கை முதலில், இனம் பிறகு. கூட்டம் எழும்பிவிட்டால் இரண்டும் போச்சு. 20 பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணி, அவை அடைக்கும் இடத்தைக் கண்ணில் வாங்கிக்கொண்டு, அதே அளவுக் கட்டங்கள் கூட்டம் முழுவதிலும் எத்தனை என்று எண்ணுங்கள். அந்த 20-ஐ ஓரத்தில் மட்டும் எண்ணினால் கணக்கு குறைந்துதான் வரும். நடுவில் நெருக்கம் அதிகம். அங்கேயும் ஒரு 20 எண்ணுங்கள்.

கொசு உள்ளானுக்குக் கால் கறுப்பு, டெம்மிங்க் கொசு உள்ளானுக்கு மங்கிய மஞ்சள். ஆனால் சேறு காய்ந்த கால் எல்லாமே கறுப்புதான்! பலரும் ஏமாறும் இடம் இது. பறக்கும்போது வாலோரம் பாருங்கள்: வெள்ளையாக இருந்தால் டெம்மிங்க், சாம்பலாக இருந்தால் கொசு உள்ளான். வளைமூக்கு உள்ளான் சற்றுப் பெரியது. எழும்பினால் வாலுக்கு மேலே வெள்ளைப் பட்டை பளிச்சென்று தெரியும். காலையில் கிழக்குப் பக்கம் நின்று பாருங்கள். எதிர்வெயிலில் நிறம் பார்ப்பது வீண் வேலை.

கே: ஒன்றுமே தென்படாத நாளையும் எழுத வேண்டுமா?

ப: கட்டாயம். தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், நடந்த தூரம், காற்று. பிறகு "இல்லை" என்று ஒரு வரி. வெற்று நாளை விட்டுவிட்டால், பறவை வரவில்லையா, நீங்கள் போகவில்லையா என்று பிறகு தெரியாது.

கே: ஐப்பசியில் கூட்டமாகப் பறக்கும் மஞ்சள் தட்டான் எது?

ப: பெரும்பாலும் பான்டாலா பிளாவசென்ஸ் (அறிவியல் பெயர்). பின்னிறக்கை உடலோடு சேரும் இடத்தில் அகலமாக இருக்கும். அபூர்வமாகத்தான் உட்காரும், உட்கார்ந்தாலும் குச்சியில் செங்குத்தாகத் தொங்கும். மழைக் குட்டையில் முட்டையிட்டு, குட்டை வற்றுவதற்குள் வளர்ந்துவிடும் இனம். மாலத்தீவிலும் அக்டோபரில் கூட்டமாக வந்து சேர்கிறது. ஒரு கம்பத்தைக் குறிவைத்து, 5 நிமிடத்தில் அதைத் தாண்டுபவற்றைத் திசையோடு எழுதுங்கள். சுற்றிச் சுற்றி வருவதை எண்ணினால் ஒன்றே பத்தாகும்.

கே: வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி விளக்கு வைத்தும் விட்டில் வரவில்லையே?

ப: மஞ்சள் எல்.இ.டி. பல்பாக இருக்கும். புற ஊதாக் குழல்விளக்கு வையுங்கள். அதை நேராகப் பார்க்க வேண்டாம். பௌர்ணமியை ஒட்டிய நாட்களைத் தவிருங்கள். கடற்காற்றில் துணி படபடத்தால் பூச்சி உட்காராது. சுவர் மறைவில், கீழ் விளிம்பில் கல் வைத்துக் கட்டுங்கள். சரணாலயத்துக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் இதைச் செய்யக்கூடாது, வீட்டு மாடி போதும். விடியுமுன் துணியைப் புதரோரம் மெல்ல உதறிவிடுங்கள். இல்லாவிட்டால் கரிச்சான் தினமும் பந்திக்கு வந்துவிடும்.